ஜான் மியூர் பாதைக்குப் பெர்மிட் வாங்குவது எப்படி

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சியெரா மலைகள் வழியே போகும் ஜான் மியூர் டிரெயில் என்ற நெடுந்தூர நடைபாதையை 2021-இல் முழுசாக நடக்க வேண்டும் என்று முடிவெடுத்தவுடன் நான் செய்த முதல் வேலை ஓர் அட்டவணை போட்டதுதான். மூன்று வாரம், தினமும் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து, எந்த நாள் எத்தனை மைல், எந்த ஏரிக்கரையில் டென்ட், எந்தக் கணவாயை எத்தனை மணிக்குள் தாண்டுவது என்று இருபது வரிசை எழுதினேன். பிறகு அந்தக் காட்டுக்குள் இரவு தங்கி நடக்கத் தேவையான பெர்மிட்டின் விண்ணப்பத்தைத் திறந்தேன். அதில் இடம் இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்கிற கேள்விகள் மூன்றே மூன்று: எங்கே நடக்கத் தொடங்குகிறீர்கள், என்றைக்கு, எத்தனை பேர். மற்ற பத்தொன்பது இரவும் எங்கே தூங்கப்போகிறேன் என்பதற்காக யாரும் இடம் பிடித்துவைக்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு முறை நடந்துவிட்டேன். 2022 ஆகஸ்டில் கணவரோடு வடக்கிலிருந்து தெற்கே, 2024 ஆகஸ்டில் தங்கையோடு தெற்கிலிருந்து வடக்கே. கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அட்டவணையை மூடிவையுங்கள். முதல் நாளையும் அன்றைக்கு நுழையும் வாசலையும் பிடியுங்கள். மீதி நாட்களை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

ஏன் முதல் நாள் மட்டும்?

ஜான் மியூர் பாதை யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் ஹேப்பி ஐல்ஸ் என்ற இடத்தில் தொடங்கி, விட்னி மலை உச்சியில் முடிகிறது. 211 மைல், சுமார் 340 கிலோமீட்டர். முடிவிடம் 14,505 அடி. அங்கிருந்து விட்னி போர்ட்டல் என்ற கார் நிறுத்துமிடம் வரை இறங்க இன்னும் 11 மைல். வழியில் யோசெமிட்டி தேசியப் பூங்கா, ஆன்சல் ஆடம்ஸ் வனப்பகுதி, ஜான் மியூர் வனப்பகுதி, கிங்ஸ் கேன்யன், செக்கோயா என்று நிர்வாகம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் தொடர்ந்து நடந்துபோகிற பயணத்துக்கு, தொடங்கும் இடத்தில் வாங்கிய ஒரே பெர்மிட் போதும். ஒவ்வொரு எல்லையிலும் புதிதாக வாங்க வேண்டாம். நடுவில் ஊருக்கு இறங்கிச் சாப்பாடு வாங்கிக்கொண்டு உடனே திரும்பலாம். அங்கேயே தங்கிவிட்டால்தான் அது வேறு பயணம் ஆகிவிடும்.

அமெரிக்காவில் 1964-இல் வந்த வனப்பகுதிச் சட்டம், சில நிலங்களைச் சாலையும் கட்டடமும் மோட்டாரும் இல்லாமல் அப்படியே விட்டுவைக்கச் சொல்கிறது. ஆட்கள் வரலாம், தங்கிவிட முடியாது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த சியெரா மலைகளில் எடுத்துக்கொண்ட வழிதான் வாசல் ஒதுக்கீடு. டிரெயில்ஹெட் என்ற, பாதை தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் உள்ளே போகலாம். உள்ளே போனபின் ஒருவர் எட்டு மைல் நடப்பார், இன்னொருவர் பதினைந்து நடப்பார், மூன்றாமவர் ஏரியைப் பார்த்துவிட்டு அங்கேயே இரண்டு நாள் இருந்துவிடுவார். கூட்டம் தானாகவே பிரிந்துபோகும்.

எல்லா இடமும் இப்படியில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலையைச் சுற்றிவரும் 93 மைல் வொண்டர்லேண்ட் பாதையில் ஒவ்வோர் இரவும் எந்த முகாம் என்று பெர்மிட்டிலேயே எழுதியிருக்கும். கால் வலிக்கிறது என்று நடுவில் நினைத்த இடத்தில் டென்ட் போட முடியாது. எனக்கு சியெரா முறைதான் பிடிக்கும். என் தங்கைக்கு மூன்றாவது நாள் மலைத் தலைவலி வந்தபோது பாதி நாள் நடையோடு நிறுத்தி, ஏரிக்கரையில் படுக்கவைத்து, கஞ்சி காய்ச்சிக் கொடுக்க முடிந்தது. எந்த விதியையும் மீறவில்லை.

வடக்கிலிருந்து தொடங்க: யோசெமிட்டி குலுக்கல்

தெற்கு நோக்கி நடக்க விரும்புகிறவர்கள்தான் அதிகம். இவர்கள் யோசெமிட்டியை விட்டு வெளியேறும் இடம் டோனஹியூ கணவாய், 11,056 அடி. கூட்டம் பெருகியதால் 2015-இல் அந்தக் கணவாய் வழியாகத் தெற்கே போகிறவர்களை ஒரு நாளைக்கு 45 பேர் என்று குறைத்தார்கள். அதனால் யோசெமிட்டியில் எந்தப் பெர்மிட்டாவது கிடைத்தால் போதும் என்று எடுத்துவிடாதீர்கள். பட்டியலில் டோனஹியூ கணவாய்க்குத் தகுதியானது என்று பெயரிலேயே எழுதியிருக்கும் வாசலைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்படி முக்கியமாக இரண்டு உண்டு. ஒன்று ஹேப்பி ஐல்ஸிலிருந்து, முதல் இரவு லிட்டில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைத் தாண்டித் தங்குவது. முதல் நாளே முழுச் சுமையோடு கிட்டத்தட்ட 3,000 அடி ஏற வேண்டும். இன்னொன்று லயல் கேன்யன், டுவோலமி மெடோஸ் பக்கத்திலிருந்து. இதில் தொடங்கினால் பாதையின் முதல் முப்பத்தைந்து கிலோமீட்டர் போல விட்டுப்போகும். ஆனால் ஏற்கெனவே உயரத்தில் இருப்பதால் உடம்பு மெதுவாகப் பழகும், முதல் நாள் கிட்டத்தட்ட சமதளம். முழுப் பாதையும் நடந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் இதையும் தேர்வில் சேருங்கள். நாங்கள் 2022-இல் போனது இந்த வழியாகத்தான். விட்டுப்போன பகுதியை அடுத்த ஆண்டு ஒரு வார இறுதியில் போய் நடந்தோம்.

விண்ணப்பம் ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) என்ற அரசின் முன்பதிவுத் தளத்தில். பயணத் தேதிக்கு 24 வாரம் முன்னால் வாராந்தரக் குலுக்கல் நடக்கும். ஒதுக்கீட்டில் 60 சதவீதம் அதில் போய்விடும். மீதி 40 சதவீதம் பயணத்துக்கு 7 நாள் முன்னால், பசிபிக் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். உதாரணமாக, ஆகஸ்ட் 10-ஆம் தேதி நடக்கத் தொடங்க நினைத்தால் பிப்ரவரி கடைசியில் உங்கள் விண்ணப்பம் குலுக்கலில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திறக்கும், சனிக்கிழமை இரவு மூடும், திங்கட்கிழமை முடிவு வரும். கிடைத்தால் வியாழக்கிழமைக்குள் ஏற்றுக்கொண்டு பணம் கட்ட வேண்டும். என் தோழி ஒருத்திக்குக் கிடைத்தது, மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டுவிட்டாள், வெள்ளிக்கிழமை இடம் கைமாறிப் போனது. அந்த ஒரு வாரம் மட்டும் ஸ்பேம் பெட்டியையும் சேர்த்து தினமும் பாருங்கள். விண்ணப்பத்துக்கு 10 டாலர், கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. கிடைத்தால் ஆளுக்கு 5 டாலர். இந்தத் தொகையும் தேதி முறையும் அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் பூங்காவின் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

வாய்ப்பைக் கூட்டுவது ஆட்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான். ஐந்து பேருக்குக் கேட்டால், அந்த வாசலில் அன்று ஐந்து இடமும் சேர்ந்து காலியாக இருந்தால்தான் கிடைக்கும். இரண்டு பேருக்குக் கேட்டால் சந்து பொந்திலும் நுழையலாம். எட்டுப் பேர் சேர்ந்து போக ஆசைப்பட்டுக் கடைசியில் யாருமே போகாத குழுக்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டிரண்டாகப் பிரியுங்கள். வெள்ளி, சனி தவிர்த்து செவ்வாய், புதன் தேதிகளைக் கொடுங்கள். விண்ணப்பத்தில் எத்தனை தேர்வு கொடுக்க இடமிருக்கிறதோ அத்தனையையும் நிரப்புங்கள்.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்வேன். பெர்மிட் குழுத்தலைவர் பெயரில் வரும். அதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. எங்களுக்குத் தெரிந்த நால்வர் குழுவில் தலைவராகப் போட்டவருக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. மாற்றுத் தலைவர் என்ற கட்டத்தை யாரும் நிரப்பவில்லை. மற்ற மூவருக்கும் லீவு, டிக்கெட், அனுப்பிவைத்த சாப்பாடு எல்லாம் தயார், பெர்மிட் மட்டும் செல்லாது. விண்ணப்பிக்கும்போதே உங்களோடு வருகிறவர்களை மாற்றுத் தலைவராகச் சேர்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

தெற்கிலிருந்து தொடங்க: இன்யோ

2022-இல் நான்கு வாரம் தொடர்ந்து குலுக்கலில் தோற்ற அனுபவத்தால், 2024-இல் தெற்கிலிருந்து வடக்கே போனோம். டோனஹியூ வரம்பு தெற்கே வெளியேறுகிறவர்களுக்குத்தான், சியெராவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் இன்யோ தேசியக் காட்டின் பெர்மிட்டோடு வடக்கே போய் யோசெமிட்டிக்குள் நுழைகிறவர்களுக்கு அது கிடையாது. இன்யோவில் குலுக்கலும் இல்லை, முதலில் வருகிறவருக்கு முதலில். 60 சதவீதம் ஆறு மாதம் முன்னால், 40 சதவீதம் இரண்டு வாரம் முன்னால், இரண்டுமே பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு.

அந்தக் காலைக்கு இப்படித் தயாராகுங்கள். முந்தின நாளே கணக்கு திறந்து, அட்டை விவரம் சேமித்து, வாசலின் பக்கத்தைக் குறித்துவையுங்கள். 6:50-க்கு உள்நுழையுங்கள். 7:00 ஆனதும் பக்கத்தைப் புதுப்பித்து, உங்கள் தேதியில் எண்ணிக்கை தெரிந்த நொடி அழுத்துங்கள். கூடையில் விழுந்துவிட்டால் கட்டணம் கட்டச் சில நிமிடம் கிடைக்கும், அதுவரை அந்த இடம் உங்களுடையது. நானும் தங்கையும் தனித்தனிக் கணினியில் உட்கார்ந்தோம். அவள் ஒரு தேதி, நான் அடுத்த தேதி. அவளுக்குக் கிடைத்தது.

நாங்கள் எடுத்த வாசல் காட்டன்வுட் கணவாய், ஹார்ஸ்ஷூ மெடோவிலிருந்து போவது. இங்கிருந்து ஜான் மியூர் பாதையைத் தொட இரண்டு மூன்று நாள் கூடுதலாக நடக்க வேண்டும். அந்த நாட்கள் வீணில்லை. தொடங்கும் இடமே கிட்டத்தட்ட 10,000 அடி. அங்கே ஓர் இரவு தூங்கி, மெல்ல நடந்து, விட்னியை மேற்குப் பக்கமாக அணுகும்போது உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும்.

விட்னி பற்றி ஒரு குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. பிப்ரவரி 1-இல் தொடங்கும் விட்னி குலுக்கல் வேறு. அது கிழக்கே விட்னி போர்ட்டலிலிருந்து ஏறுகிறவர்களுக்கு: ஒரு நாளில் ஏறி இறங்க 100 பேர், இரவு தங்கிப் போக 60 பேர். யோசெமிட்டியிலிருந்து பெர்மிட்டோடு நடந்து வருகிறவர் அந்தக் குலுக்கலில் போட வேண்டியதில்லை, அதே பெர்மிட்டோடு உச்சி தொட்டுப் போர்ட்டலில் இறங்கலாம். ஆனால் இன்யோவின் வேறு வாசலில் தொடங்கி விட்னி வழியாக வெளியேற நினைத்தால், அதற்குத் தனி வெளியேற்ற ஒதுக்கீடு உண்டு. பதிவு செய்யும்போதே அந்த வெளியேறும் இடத்தைக் குறிக்க வேண்டும். உள்ளே போனபின் மனம் மாறினால் நடக்காது.

பெர்மிட்டைக் கையில் வாங்கும் நாள்

யோசெமிட்டியில் பதிவு உறுதியானது என்ற மின்னஞ்சல் பெர்மிட் ஆகாது. முந்தின நாளோ, தொடங்கும் நாள் காலை 10 மணிக்குள்ளோ நேரில் போய் வாங்க வேண்டும். பத்தைத் தாண்டினால் வரவில்லை என்று கணக்கு வைத்து இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். கோடையில் பூங்கா நுழைவாயிலில் கார் வரிசை எத்தனை நீளம் என்று கணிக்கவே முடியாது. முந்தின நாள் பிற்பகலே போய்விடுங்கள். பெர்மிட் இருப்பவர்களுக்கு ஓர் இரவு தங்க நடைபயணிகள் முகாம் இருக்கிறது, தனிப் பதிவு வேண்டாம்.

பெர்மிட் தரும் இடத்தில் இருக்கும் ரேஞ்சர் (வனக் காவலர்) பத்து நிமிடம் பேசுவார். அவசரப்படாதீர்கள். எந்த ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எந்தக் கணவாயில் இன்னும் பனி இருக்கிறது, எங்கே கரடி தொல்லை என்று அந்த வாரச் செய்தி அவரிடம்தான் கிடைக்கும். நான் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டேன். பெர்மிட்டை ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் வைத்து, பையின் மேல் அறையில், எடுக்கச் சுலபமாக வையுங்கள். எவல்யூஷன் பள்ளத்தாக்கில் எதிரே வந்த ரேஞ்சர் ஒருவர் எங்களை நிறுத்திக் கேட்டார். பெர்மிட்டையும் கரடி திறக்க முடியாத சாப்பாட்டு டப்பாவையும் பார்த்துவிட்டு, அன்றைக்கு மியூர் கணவாய்ப் பக்கம் பிற்பகல் இடி மழைக்கு வாய்ப்பு இருக்கிறது, ஏரியோடு நில்லுங்கள் என்றார். நின்றோம். மூன்று மணிக்கு ஆலங்கட்டி கொட்டியது. 11,955 அடியில் அந்தக் கணவாயின் மேல் 1930-இல் கட்டிய கல்குடிசை ஒன்று இருக்கிறது. அது ஆபத்துக்கு ஒதுங்க, தங்குவதற்கில்லை.

கரடி டப்பா

பெர்மிட்டோடு வரும் விதிகளில் நம் ஆட்களைத் திணறடிப்பது இதுதான். கரடி திறக்க முடியாத, அங்கீகரிக்கப்பட்ட கெட்டி டப்பாவில் சாப்பாடு முழுவதும் இருக்க வேண்டும். பாதையின் பெரும்பகுதியில் இது கட்டாயம், மரத்தில் கட்டித் தொங்கவிடுவது செல்லாது. சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சன்ஸ்கிரீன், உதட்டுக் களிம்பு, குப்பைப் பை என்று வாசனை உள்ள எல்லாமே உள்ளே போக வேண்டும். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்லும் நிலைமை வருகிறது. எனவே இந்த விதியில் நான் ஓர் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பியர்வால்ட் நிறுவனத்தின் பெரிய டப்பா 11.5 லிட்டர், வெறும் எடையே ஒரு கிலோவுக்கு மேல். இதற்குள் ஒரு வாரச் சாப்பாடு. பாதையின் நடுவில் மியூர் டிரெயில் ரான்ச் என்ற இடத்துக்கு முன்கூட்டியே பிளாஸ்டிக் வாளியில் சாப்பாடு அனுப்பிவைக்கலாம். மூன்று வாரம் முன்னதாகவே அனுப்புங்கள். அதற்குத் தெற்கே விட்னி வரை பாதை ஓரத்தில் கடையே கிடையாது, எட்டு ஒன்பது நாள். எடையைவிட இடம்தான் பிரச்சினை. வீட்டிலேயே தரையில் பரப்பி அடைத்துப் பாருங்கள். அவலைக் கைப்பிடி கைப்பிடியாக அழுத்தி அடைக்கலாம், வறுத்த ரவையில் தாளிப்பைச் சேர்த்து எடுத்துக்கொண்டால் கொதிநீர் மட்டும் போதும். பருப்புப்பொடி, நல்லெண்ணெய், எள்ளுருண்டை, கடலை மிட்டாய் எல்லாம் இடத்தை அடைக்காமல் சக்தி கொடுப்பவை. அப்பளம், முறுக்கு, பொரி வேண்டாம். நூடுல்ஸைப் பாக்கெட்டிலேயே நொறுக்கிவிடுங்கள். எவ்வளவு அடைத்தும் ஒன்பது நாளைக்கு எங்களுக்குப் போதவில்லை. முதல் முறை கியர்சார்ஜ் கணவாய் தாண்டி ஆனியன் வேலி (Onion Valley) என்ற சாலை முனையில் இறங்கி, ஊரில் சாப்பாடு வாங்கிக்கொண்டு ஏறினோம். பாதையிலிருந்து ஒரு பக்கமே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். ஒரு நாள் கூடுதல், ஆனால் டப்பாவில் நிம்மதி.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டென்ட் தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 100 அடி தள்ளி, ஏற்கெனவே பலர் தங்கிய வெறுந்தரையில். யோசெமிட்டியில் 9,600 அடிக்கு மேலும் கிங்ஸ் கேன்யனில் 10,000 அடிக்கு மேலும் விறகு எரிக்கக்கூடாது, கேஸ் அடுப்புதான். தேசியக் காட்டுப் பகுதியில் அந்த அடுப்புக்கே கலிபோர்னியாவின் இலவசத் தீ அனுமதி வேண்டும், இணையத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் கிடைத்துவிடும். டாய்லெட் பேப்பரைப் புதைக்காமல் திரும்ப எடுத்து வர வேண்டும். விட்னிப் பகுதியில் மலத்தையே அதற்கென்று உள்ள பையில் சுமந்து இறங்க வேண்டும். கேட்கும்போது முகம் சுளிக்கத் தோன்றும், ஆனால் அங்கே பாறைதான், தோண்ட மண் கிடையாது. டிரோன் எங்கேயும் பறக்கவிடக்கூடாது.

இதைவிட நீளமான பாதை என்றால்

மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 2,650 மைல் போகும் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் 500 மைலோ அதற்கு மேலோ தொடர்ந்து நடப்பதானால் தனி நெடும்பயண பெர்மிட் உண்டு, கட்டணம் இல்லை. தெற்கு முனையில் தொடங்க ஒரு நாளைக்கு 50 பேர். அங்கேயும் முதல் நாள்தான் சாவி. ஜான் மியூர் பாதையை மட்டும் நடக்க இதை வாங்க முடியாது, 500 மைல் வராது. முன்பு பாதை வழியாகவே கனடாவுக்குள் நுழைய அனுமதி வாங்கலாம். 2025 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லைத் தூணைத் தொட்டுவிட்டு வந்த வழியே ஹார்ட்ஸ் கணவாய்க்கு 30 மைல் திரும்ப வேண்டும், அதற்கும் சேர்த்துச் சாப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்மிட் கையில் இருந்தும் போக முடியாமல் போகலாம். 2021-இல் நான் போட்ட அந்த அட்டவணை அப்படித்தான் போயிற்று. செப்டம்பர் 4-க்குப் பெர்மிட் வைத்திருந்தேன். காட்டுத்தீயால் ஆகஸ்ட் 31 இரவோடு கலிபோர்னியாவின் தேசியக் காடுகளை மூடிவிட்டார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்கள் பாதி வழியில் எந்தக் கணவாய் வழியாக எந்த ஊருக்கு இறங்கலாம் என்று நான்கைந்து இடத்தையாவது வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலை நடுவுக்கு முன் போகிறவர்கள் பனியையும் ஓடை வெள்ளத்தையும் பாருங்கள்.

உங்களால் போக முடியாது என்று தெரிந்த அன்றே தளத்தில் போய் ரத்து செய்துவிடுங்கள். கட்டிய காசு கொஞ்சம்தான், போனால் போகட்டும் என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். 2022-இல் நான்கு குலுக்கலிலும் தோற்றபின் நான் தினமும் காலையில் காபியோடும் இரவு படுக்கும் முன்பும் லயல் கேன்யன் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, அதுவரை பூஜ்யம் என்றே இருந்த கட்டத்தில் இரண்டு என்று இருந்தது. யாரோ இருவர் தங்கள் பயணத்தை ரத்து செய்திருக்கிறார்கள். எழுந்துபோய் கணவரை எழுப்புவதற்கு முன்னாலேயே பணம் கட்டிவிட்டேன்.